தாந்தாமலைக் காட்டுப் பாலை

கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.

அன்பின் தவராசா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் எல்லோரும் நலமென அறிந்து மகிழ்ந்தேன். இங்கு பெரும்போக அறுவடை முடிந்து சிறிது ஓய்வு கிடைத்திருப்பதால், நீ கேட்டிருந்தபடி, தாந்தாமலைப் பக்கத்துக் காட்டில் நிற்கும் பெரிய பாலை மரத்தை நாங்கள் பதிவு செய்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன். வைகாசி, ஆனியில் பழம் விழத் தொடங்கினால் கரடியும் வந்துவிடும் என்பதால் அறுவடை முடிந்த கையோடு போய்வந்தோம்.

நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ நெஞ்சு மட்டத்தில், அதன் சுற்றளவு 4 மீற்றர் 15 சென்ரிமீற்றர். இந்த ஓர் எண்ணைப் பெறுவதற்கே காலைப்பொழுது முழுவதும் சென்றது. தெற்குப் பக்கத்தில் ஆல் ஒன்று பற்றிப் படர்ந்து, கை மொத்தத்தில் வேர்களைக் கீழே இறக்கியிருக்கிறது. அவற்றின் மேலாக நாடாவைச் சுற்றினால் ஆலையும் சேர்த்தே அளந்ததாகிவிடும். ஒரு வேர் பட்டையோடு ஒட்டாமல் விலகி நின்றதால் அதன் அடியால் நாடாவை நுழைத்தோம். ஒட்டிப்போன மற்றொன்றை வெட்ட மனம் வரவில்லை. நாடா அதன் மேலாகச் சென்றது என்று எழுதி, அந்த இடத்தைப் படமும் எடுத்துக்கொண்டோம். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து அளக்கும்போது, நாங்கள் பிடித்த அதே இடத்தில் அவரும் நாடாவைப் பிடித்தால்தான் மரம் எவ்வளவு பருத்தது என்று சொல்ல முடியும். ஆகவே எண்ணைக் காட்டிலும் அதை எடுத்த இடத்தையும் முறையையும் எழுதுவதிலேயே அதிக கவனம் வைத்தேன். உயரத்தைக் குறிக்கவில்லை, சுற்றியுள்ள வீரை, முதிரை மரங்கள் உச்சியை மறைக்கின்றன.

வயது எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். நம்முடைய வறண்ட வலயத்து மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையங்கள் நம்பத்தக்கவாறு விழுவதில்லை. விழுந்திருந்தாலும், இந்தப் பாலையின் வைரம் உள்ளே இற்றுப் பொந்தாகிவிட்டது. அந்தப் பொந்தே அதைக் காப்பாற்றியும் இருக்க வேண்டும். தூணுக்கும் கூரை வளைக்கும் பாலத்துக்கும் பாலையைத் தேடித் தேடி வெட்டிய காலத்தில், உள்ளே ஒன்றுமில்லாத மரத்தில் கோடரி வைக்க யார் விரும்பியிருப்பார்கள்? அநுராதபுரத்து வெள்ளரச மரத்தை நட்ட செய்தி மகாவம்சத்தில் உள்ளது. ஆபிரிக்காவிலிருந்து வந்த மன்னார்ப் பெருக்கமரத்துக்கும் பெயர்ப்பலகை உண்டு. இந்த மண்ணில் தானாக முளைத்த காட்டு மரங்களுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனாலும் ஒரு திகதி கிடைத்தது. தேன் எடுக்கப் போய்வந்த முதியவர் ஒருவர், வடக்கே நீண்டிருந்த பெருங்கொப்பு சூறாவளியில் முறிந்தது என்றார். 1978 நவம்பர் 23 ஆம் திகதியை நீயும் நானும் மறப்போமா? முறிந்த இடத்தைச் சுற்றிப் பட்டை உருண்டு திரண்டு, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கறுத்த மரம் தெரிகிறது. அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, கேட்டறிந்தது என்ற குறிப்புடன் பதிந்திருக்கிறேன்.

மரம் நிற்கும் இடத்தை வெளியே சொல்லவில்லை. முதிரை கடத்துவோரும் புதையல் தோண்டுவோரும் திரியும் காடு அது. வனபரிபாலனத் திணைக்களத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டுமே ஜிபிஎஸ் அளவு இருக்கும்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப் போவதாக எழுதியிருக்கிறாய். கும்புக்கன் ஆற்றங்கரையில், நடைபாதை ஓரமாகவே நிற்கும் மருதமரம் ஒன்றையேனும் அளந்து வா. மருதின் அடி வேரோடு அகன்று விரிந்திருக்கும். அந்த விரிவு முடியும் இடத்துக்கு மேலே நாடாவைப் பிடித்து, எந்த உயரம் என்று குறித்துக்கொள். ஆற்று மணல் ஒரு வெள்ளத்தில் ஏறி மறு வெள்ளத்தில் இறங்குமாகையால், நிலமட்டத்தை மட்டும் நம்பாமல், கைக்கெட்டும் ஒரு கிளைக் கவரிலிருந்து கீழ்நோக்கியும் அளந்து எழுது. ஆணி எதுவும் அடிக்க வேண்டாம். தையல் நாடா இழுபடும். என்னிடமுள்ள நீள நாடாவை அடுத்த கிழமை கல்முனைக்கு வரும் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
குணரெத்தினம்