கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் சொன்னால் 'ஓம் அப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

சுவிஸின் வலே மாநிலத்தில் ஏப்ரிகொட் தோட்டம் குத்தகைக்கு எடுக்கப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குக் காசைப் பற்றிக் கவலை. எனக்குத் தண்ணீரைப் பற்றி. நீ அனுப்பிய படங்களில் மரம் இருக்கிறது, மலை இருக்கிறது, மருமகனின் புதிய சப்பாத்துக்கூட இருக்கிறது, வாய்க்காலைத்தான் காணவில்லை.

வலேயின் தலைநகர் சியோனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதில் பாதி! சுற்றிவரப் பனிமலை நிற்பதால் அந்த வறட்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்குள்ளவர்கள் நூற்றாண்டுகளாகப் பாறைச் சரிவுகளில் 'பிஸ்' என்ற வாய்க்கால்களைக் கட்டி மலைநீரை இறக்குகிறார்கள். யாருக்கு எத்தனை மணி நேரத் தண்ணீர் என்பதை முன்பு மரத்துண்டில் வெட்டிக் குறிப்பார்களாம். கேட்டதும் எங்கள் காணி உறுதி நினைவுக்கு வந்தது: 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்'. உன் அப்பப்பா காணி பார்க்கப் போனால் மண்ணைத் தொடுமுன் கிணற்றை எட்டிப் பார்ப்பார். அதுவும் ஆவணியில்தான் போவார். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதானே.

அங்கே ஆவணியிலும் ஏமாறலாம். பனியாற்றிலிருந்து வரும் வாய்க்கால் வெயில் கூடக்கூடப் பனி கரைந்து நிறைந்து ஓடும். பார்த்தால் மனம் குளிர்ந்துவிடும். வட்டி என்று நினைத்துக் கைமுதலைச் செலவழிக்கிற கதை அது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகளின் பருமனில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 1960 முதல் 1990 வரை முப்பது ஆண்டுகளில் கரைந்த அளவு. உங்கள் கன்றுகள் நன்றாகக் காய்க்கிற வயதுக்கு வந்த பிறகு, மரம் தண்ணீர் கேட்கும் அதே ஜூலை, ஆகஸ்டில் வாய்க்கால் மெலியத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? ஊற்றுநீரையும் முழுதாக நம்பாதே. 2018 கோடையில் மேய்ச்சல் மலைகளில் நின்ற மாடுகளுக்கு ராணுவ ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று, மரம் இப்போது முந்திப் பூக்கிறது. ஏப்ரல் உறைபனியோ தன் வழக்கத்தை விடவில்லை. 2017இல் பார்த்தோமே, இரவிரவாகத் தோட்டங்களில் மெழுகுத் தீ. சிலர் தண்ணீரைத் தெளித்துப் பூவைப் பனிக்கட்டிக்குள் பொதிந்து காப்பாற்றினார்கள். அதற்கும் தண்ணீர் வேண்டும்.

ஆல்ப்ஸுக்கு வடக்கே நெல்கூட விளைகிறது என்று மருமகன் சொன்னாராம். அம்மா இப்போதே அரிசி கேட்கிறாள்.

கையெழுத்திடுமுன் மூன்றைக் கேள்: வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, உங்கள் முறைக்கு எத்தனை மணி நேரம், தண்ணீர் குறைந்தால் முதலில் யாருடைய முறை வெட்டப்படும். எனக்குப் பிரெஞ்சு வராது. நீ கேள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வருகிறேன். வாய்க்கால் தொடங்கும் இடம்வரை நடக்க வேண்டும். அந்தப் புதிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொல்.

அப்பா