மேல்வயிற்று வலிக்கு 'கேஸ்' ஊசி போடும் முன்: மதுரை வட்டார மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, ஓயாத வாந்தி என்று வருபவருக்கு அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வலி முதுகுக்கு ஊடுருவி, மல்லாந்து படுத்தால் கூடி, குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிகிறதா? கணைய அழற்சியை நினையுங்கள். குடிப்பழக்கம் இல்லை என்றதும் விட்டுவிட வேண்டாம். பித்தப்பைக் கல்லாலும் வரும்.

ஈசிஜி எடுக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்றில்தான் வலிக்கும். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை. உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறகு இரத்தத்தில் லைபேஸ் பாருங்கள்; அமைலேஸைப் போல அதுவும் கணையம் சுரக்கும் நொதி. இந்த வகை வலி, இயல்பின் மேல்வரம்பைப் போல் குறைந்தது 3 மடங்கு லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் அடையாளம்: மூன்றில் இரண்டு இருந்தாலே கணைய அழற்சி உறுதி என்கிறது, அந்நோய்க்கென 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறை. வலியும் லைபேஸும் பொருந்திய பின் முதல் நாளே சி.டி. எதற்கு? கணையத் திசு அழுகல் அப்போது சரியாகத் தெரியாது. குடும்பத்தின் பணம்தான் கரையும். சந்தேகம் தீராதவருக்கும், 2, 3 நாளில் தேறாதவருக்கும்தான் அது தேவை. அல்ட்ராசவுண்ட் மட்டும் எல்லோருக்கும் வேண்டும், கல்லைத் தேட. 'வாயு மறைப்பதால் கணையம் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல.

அமைலேஸை மட்டும் நம்புவதுதான் அதிகம் ஏமாற்றும். அது சில நாளில் இறங்கிவிடும். சோடாவும் கஷாயமும் குடித்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் வருபவருக்கு இயல்பாகவே இருக்கலாம். ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு மிகுந்தவருக்கும் அப்படியே. சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) பால்போல் வெளுத்திருந்தால் ட்ரைகிளிசரைடு பாருங்கள், டெசிலிட்டருக்கு 1000 மி.கி.யைத் தாண்டினால் அதுவே காரணமாகலாம். லைபேஸ் எண்ணின் உயரம் நோயின் கடுமையைச் சொல்லாது, தினமும் பார்க்கத் தேவையில்லை.

வலி மருந்தைத் தயங்காமல் கொடுங்கள், நோய் மறைந்துபோகாது. நரம்பு வழி ஏற்ற ரிங்கர் லாக்டேட் திரவம் போதும். நீரிழப்பு இருந்தால் கிலோவுக்கு 10 மி.லி. 2 மணி நேரத்தில், பின்பு மணிக்குக் கிலோவுக்கு 1.5 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 600, பிறகு மணிக்கு 90. பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் வலி தொடங்கிய நேரம், ஏற்றிய திரவத்தின் அளவு, சிறுநீர் அளவு, ஆக்ஸிஜன் அளவு, யூரியா ஐந்தையும் எழுதுங்கள்.