ஒப்பந்த ஊழியரை ஸ்லாக்கிலிருந்து நீக்கும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஊழியர்கள் அத்தனை பேரையும், தலைப்புக்கு ஒரு சேனல் என்று அலுவலகமே குழுவாகப் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியிலிருந்து நீக்கும் சுற்றறிக்கையில் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாய். இப்போது இருக்கிறபடியே அதில் போடாதே.

மேலிடத்தின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1990களில் மைக்ரோசாஃப்ட் தற்காலிக ஆட்களை ஆண்டுக்கணக்கில் சொந்த ஊழியர்களைப் போலவே வைத்து வேலை வாங்கியது. அப்படியானால் பங்குச் சலுகை எங்களுக்கும் உண்டே என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் 9.7 கோடி டாலர் கொடுத்துத்தான் சமரசம் ஆயிற்று. அடையாள அட்டைக்கு வேறு நிறம், கூட்டங்களுக்கு அழைப்பில்லை என்று பெரிய நிறுவனங்கள் சுவர் எழுப்புவதற்கு இத்தகைய வழக்குகள் ஒரு முக்கியக் காரணம். சம்பளம் பற்றியும் புதிய வாடிக்கையாளர் பற்றியும் பேசும் சேனலில் மூன்று மாதத்துக்கு வந்தவர் இருக்க வேண்டியதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சுவர் எங்கே போய் நின்றது பார். 2018 ஏப்ரலில், கலிபோர்னியாவின் சான் புரூனோவில் உள்ள, கூகுளுக்குச் சொந்தமான யூடியூப் வளாகத்தில் ஒரு பெண் துப்பாக்கியால் சுட்டதில் மூன்று பேர் காயமடைந்தார்கள். அன்று பாதுகாப்புத் தகவல்கள் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமே உடனுக்குடன் போயின, மறுநாள் கூட்டத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை என்று கூகுளின் ஒப்பந்த ஊழியர்கள் அந்த டிசம்பரில் சுந்தர் பிச்சைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். துப்பாக்கி அட்டையின் நிறம் பார்த்தா சுடும்? அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் அலுவலகத்திலும் பார்த்தேன். புயல் எச்சரிக்கை வந்த இரவில், ‘நாளை எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை’ என்று பொதுச் சேனலில் போட்டார்கள். சோதனைப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த பெண்ணுக்கு அந்தச் சேனல் கிடையாது. காலையில் சர்வரைப் பார்க்கப் போன நான், பூட்டிய கேட்டின் முன் அவள் நிற்பதைக் கண்டேன். தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. லேப்டாப்பை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

இன்னொன்று. ஸ்லாக்கை மூடினால் பேச்சு நின்றுவிடாது, வாட்ஸ்அப்புக்குப் போகும். வாடிக்கையாளரின் கோப்பும் கடவுச்சொல்லும் அவரவர் சொந்த போனில் ஏறும். ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் அங்கேயே கிடக்கும். ரகசியம் காக்க என்று மேலிடம் சொன்னால் முதலில் இதைச் சொல்.

நீக்குவதற்குப் பதில் ஸ்லாக்கிலேயே விருந்தினர் கணக்கு கொடுங்கள், அதாவது நீங்கள் சேர்க்கும் சேனலை மட்டும் பார்க்க முடிகிற கணக்கு. ஒரே சேனலுக்கான விருந்தினருக்குத் தனிக் கட்டணம் இல்லை. கட்டணம் செலுத்தும் ஓர் ஊழியருக்கு ஐந்து பேர் வரை சேர்க்கலாம். ஒப்பந்தம் முடியும் தேதியைக் கொடுத்துவிட்டால் கணக்கு தானாகவே மூடிக்கொள்ளும். அவசர அறிவிப்புச் சேனலும் சேர்ந்தால் சேனல் இரண்டாகிவிடும், ஓர் ஊழியருக்கான முழுக் கட்டணம் ஆகும். அந்தப் பணத்தை விடாமல் கேட்டு வாங்கு; கிடைக்காவிட்டால் எல்லோருடைய போனுக்கும் குறுஞ்செய்தியாவது போகட்டும்.

சுற்றறிக்கையின் வரைவை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்