அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள்

போதை மறுவாழ்வு மையங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய சேர்க்கைப் படிவத்தில் கடைசியாகப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சிகிச்சையின்போது குடித்தது தெரிந்தால் உடனே வெளியேற்றப்படுவார்.’ என் அண்ணனைச் சேர்த்தபோது அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான். இருபத்து மூன்றாம் நாள் நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. அனுமதி வாங்கிப் போனவர் குடித்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலை நான் போனபோது துணிப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார். எந்த நோய்க்காகச் சேர்த்தோமோ, அந்த நோய் எட்டிப் பார்த்ததற்காகவே அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

குடியிலிருந்து மீள உங்களில் பலர் சொல்லித்தரும் பன்னிரண்டு படிகள், 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற இயக்கத்திலிருந்து வந்தவை. அங்கே உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்தும் விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேற்றுக் குடித்தவரும் இன்று வந்து உட்காரலாம். படிகளை எடுத்துக்கொண்ட நீங்கள் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

பின்லாந்தில் பழக்கத்துக்கு வந்த ஒரு முறையில், குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை போடச் சொல்கிறார்கள். குடித்தாலும் அந்தக் கிறக்கம் மங்கிவிடும். நாளாக ஆக வேட்கையும் தளரும் என்பது கணக்கு. எல்லோருக்கும் பலிப்பதில்லை. கனடாவில் இன்னும் ஒரு படி போனார்கள். வீடில்லாத, முற்றிய குடிநோயாளிகளுக்கு அளந்து, நேரம் பார்த்து மதுவை விடுதியிலேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதுவும் இல்லாவிட்டால் அவர்கள் தேடிப்போவது வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் கைச் சுத்திகரிப்பானையும்தான் என்று தெரிந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

சுவிட்சர்லாந்து கதையைக் கேளுங்கள். ஜூரிக்கின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் போதை ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992இல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் வேறு இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். 1994இல், வேறு எதிலும் தேறாதவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2008இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது 68 சதவீதம் பேர் சரி என்றார்கள். போர்ச்சுகலில் 2001 முதல், சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பது குற்றமல்ல. பிடிபட்டவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு குழுவிடம் அனுப்புகிறார்கள். அங்கே நிலைமை தேறியது சட்டத்தால் மட்டுமல்ல, கூடவே சிகிச்சைக்கும் செலவு செய்தார்கள். இதைப் புகழ்கிறவர்கள் செலவைப் பற்றிப் பேசுவதில்லை.

எதிர்ப்பக்கம் ரஷ்யா. ஹெராயினை விட்டவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்தான மெதடோனுக்கு அங்கே தடை. 2014இல் உக்ரைனின் கிரிமியா அவர்கள் கைக்குப் போனதும் அங்கே மெதடோன் எடுத்துவந்த நூற்றுக்கணக்கானோரின் சிகிச்சை நின்றுபோனது. பலர் பழைய போதைக்குத் திரும்பினார்கள், சிலர் இறந்தார்கள். அதே மெதடோன் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

இதையெல்லாம் உங்கள் மையத்தில் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. சிலவற்றுக்கு நம் சட்டம் இடம் தராது, சிலவற்றுக்கு உங்களிடம் பணம் இருக்காது. ஆனால் ஒன்று உங்களுக்கே தெரியும்: ஹெராயினை நிறுத்திச் சில வாரம் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. அந்த நேரத்தில் அவரை வாசலுக்கு அனுப்பினால், பழைய அளவையே போட்டுக்கொண்டு செத்துப்போகலாம்.

அந்தக் கடைசி வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘குடித்துவிட்டோ ஊசி போட்டுக்கொண்டோ வந்தால் அன்றே மருத்துவர் பார்ப்பார், சிகிச்சை மாற்றி அமைக்கப்படும்.’ பக்கத்தில் படுத்திருப்பவரும் கெட்டுவிடுவார் என்பீர்கள். நியாயமான பயம்தான். இரண்டு நாள் தனி அறையில் வையுங்கள். தெருவில் விடாதீர்கள்.

அண்ணனைப் போன மாதம் வேறோர் இடத்தில் சேர்த்தேன். மூன்றாவது முறை. படிவத்தில் அதே வரி இருந்தது. அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
குடிநோயாளி ஒருவரின் தம்பி