சீலியாக் உள்ள வீட்டில் தனி ரொட்டிக்கல் வேண்டும்

ஆசிரியருக்கு,

தேயிலைத் தோட்டத்தில் காலைச் சாப்பாடே கோதுமை ரொட்டிதான். கோதுமை, பார்லியில் உள்ள குளுட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்தான் சீலியாக். அந்த நோயாளி கோதுமை ரொட்டியை நிறுத்தினால் மட்டும் போதாது. கோதுமை மா பட்ட ரொட்டிக்கல்லும் அரிதட்டும் மில்லும்கூடக் குடலைக் கெடுக்கும். கோதுமைக்குப் பதிலாகச் சாப்பிடும் குரக்கனை (கேழ்வரகை) வீட்டிலேயே அரையுங்கள். கடை இடியப்பத்தில் கோதுமை மா கலப்பதுண்டு, பெருங்காயத்திலும்தான். மோல்ட் பானத்தில் பார்லி. கேட்டு வாங்குங்கள்.

குளுட்டன் இல்லாததால் குரக்கன் ரொட்டி பிய்யும். 2 கப் மாவுக்கு 1 கப் தேங்காய்ப்பூ, உப்பு போட்டு, கொதிநீர் விட்டுக் குழைத்து, 10 நிமிடம் மூடிவைத்து வாழையிலையில் தட்டுங்கள்.

தயவுசெய்து, இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்களும் வயிற்றுக்கோளாறு இல்லாவிட்டாலும் டொக்டரிடம் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

வாசகர்கள்,
ஹட்டன்