வாசலில் கொப்பு தொங்குகிறதா என்று பார்

அன்புள்ள தம்பி,

வியன்னாவுக்குப் போய் ஒரு மாதமாகியும் சனிக்கிழமை மாலையில் எங்கே போவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். உடன் வேலை செய்பவர்கள் உன்னை ஒரு ஹொய்ரிகருக்கு, அதாவது அந்த ஊர் வைன் கடைக்கு, அழைத்துப் போனார்களாம். வாசலில் சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக நின்றனவாம். உள்ளே இருந்த இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசியதே காதில் விழவில்லையாம். "இதைத்தானா அக்கா ஏழு வருடமாகப் புகழ்ந்தாய்?" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இல்லை தம்பி, இதை இல்லை. நான் சொன்ன இடங்களுக்கு வழி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டில் மதுக்கடை என்றால் என்ன பொருள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பெரியப்பா வீட்டில் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வியன்னாவில் என் முதல் வருடம் முழுக்க நானும் அந்த வாசல்களைக் கடந்து போனேனே தவிர உள்ளே கால் வைக்கவில்லை. ஒரு நாள் ஒரு சந்தில் மரக்கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் வால்நட் மரம், அதன் அடியில் நீள பெஞ்சுகள். ஒரு பாட்டி ஒரு காலால் குழந்தை வண்டியை ஆட்டிக்கொண்டே எதிரில் இருந்தவரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பாதி குடித்த ஒரே ஒரு கண்ணாடிக் குவளை. நான் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் அது நிரப்பப்படவே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் தேடுகிறவர்களுக்கு ஒதுங்கி இடம் விடுவோமே, அப்படி எனக்கும் நகர்ந்து இடம் விட்டாள். அன்று நான் குடித்தது திராட்சைச் சாறு. உனக்கு வைன் வேண்டாம் என்றால் நீயும் அதையே கேள். யாரும் உன்னை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது அடையாளம். வாசலுக்கு மேலே ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பைன் கொப்புகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கொப்பு தொங்கினால் கடை திறந்திருக்கிறது, இல்லையென்றால் மூடியிருக்கிறது. பூம்புகார்க் கடைத்தெருவில் கள் விற்கும் வாசலில் கொடி பறந்ததாகச் சங்கப் பாட்டில் படித்தது நினைவிருக்கிறதா? முதன்முதலாக அந்தக் கொப்பைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கொடிதான் நினைவுக்கு வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1784 ஆகஸ்ட் 17 அன்று பேரரசர் இரண்டாம் யோசப் ஓர் ஆணை பிறப்பித்தார். தான் விளைவித்த வைனையும் உணவுப் பொருள்களையும் எவரும் தன் வீட்டிலேயே விற்கலாம் என்றது அந்த ஆணை. அதில் கிளைத்த மரபு இன்றும் புஷன்ஷாங்க் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. அங்கே ஊற்றுவது அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் விளைந்த வைன் மட்டுமே. வெளியிலிருந்து வாங்கி விற்கக் கூடாது. உன்னை அழைத்துப் போன இடம் பெரும்பாலும் ஹொய்ரிகர் என்று பெயர் வைத்துக்கொண்ட உணவகமாக இருந்திருக்கும். அப்படிப் பெயர் வைப்பதற்குத் தடையில்லை. அதனால் பெயர்ப் பலகையை நம்பாதே, கொப்பைத் தேடு.

சொந்தத் தோட்டம், வீட்டு ஆட்களே வேலைக்காரர்கள் என்பதால் பல வீடுகள் வருடத்தில் சில வாரங்கள் மட்டும்தான் திறக்கும். தெருவில் ஒருவர் மூடும்போது இன்னொருவர் திறப்பார். ஒருமுறை எனக்குப் பிடித்த வீட்டுக்கு டிராமில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தேன். கம்பு வெறுமையாக இருந்தது. முற்றத்தில் ரப்பர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாலு வீடு தள்ளி இருந்த கதவைக் காட்டினார். "இந்த வாரம் அவர்கள் முறை" என்றார். அங்கே போனேன். அதன் பிறகு அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த வீடுகள் இரண்டாயின, மூன்றாயின. தம்பி, அந்த ஊர் எனக்குப் பழகியது இப்படித்தான். எப்போதும் திறந்திருக்கும் ஒரே கடையாக இருந்திருந்தால் அந்தத் தெருவை நான் அறிந்தே இருக்க மாட்டேன்.

எங்கே தொடங்குவது? ஷ்டாமர்ஸ்டோர்ஃபில் தொடங்கு. டான்யூபுக்கு வடக்கே, ஷொட்டன்ரிங்கில் 31ஆம் எண் டிராம் ஏறினால் கடைசி நிறுத்தம். டிராமை விட்டு இறங்கிப் பிஸாம்பெர்க் மலைப் பக்கம் நட. வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் மண் சரிவுக்குள் குடைந்த வைன் நிலவறைகள் வரும். சின்னச் சின்னக் கதவுகள், அவற்றுக்குப் பின்னால் கோடையிலும் சில்லென்ற இருட்டு. அதற்கு மேலே திராட்சைக் கொடிகள். ஒரு தலைநகரத்தின் எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. அங்கே நின்று பார்த்தால்தான் நம்புவாய்.

அடுத்தது நுஸ்டோர்ஃப். 'டி' என்ற எழுத்துப் போட்ட டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நுஸ்பெர்க் சரிவில் ஏறு. வெயில் அடிக்கும் வார இறுதிகளில் தோட்டத்துக்கு நடுவிலேயே மேசை போட்டு ஊற்றுவார்கள். கீழே நகரமும் ஆறும் விரிந்து கிடக்கும். இந்த மண்ணில் சிப்பிச் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, பிஸாம்பெர்க்கில் வண்டல் போன்ற மஞ்சள் மண். இரண்டு இடத்து வைனையும் அடுத்தடுத்த வாரங்களில் குடித்துப் பார், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். கிரின்சிங் அழகான ஊர்தான், ஆனால் கூட்டம் அதிகம். போவதானால் வாரநாளில் போ. நொய்ஷ்டிஃப்ட் என்ற ஊரை அக்டோபருக்கு வைத்துக்கொள்.

கேட்க வேண்டியது 'கெமிஷ்டர் ஸாட்ஸ்'. வியன்னாவின் சொந்த வைன் அதுதான். பல வகைத் திராட்சைகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒன்றாகவே பறித்து, ஒன்றாகவே பிழிவார்கள். தனித்தனியாகச் செய்து பிறகு கலப்பது இல்லை. ஒன்று முன்னே பழுக்கும், ஒன்று பின்னே பழுக்கும், ஒன்றில் புளிப்பு தூக்கலாக இருக்கும். பருவம் ஒரு வகையை ஏமாற்றினாலும் இன்னொரு வகை கைகொடுக்கும் என்று அந்தக் காலத்து விவசாயிகள் செய்த ஏற்பாடு. 2013 முதல் இதற்குச் சட்டப்படி விதி உண்டு. குறைந்தது மூன்று வெள்ளைத் திராட்சை வகைகள் இருக்க வேண்டும், எந்த ஒரு வகையும் பாதியைத் தாண்டக் கூடாது. பெரிய பெயருள்ள வைன்களை நான் பின்னாளில் குடித்ததுண்டு. இதைப் போல மனத்தில் நின்றது வேறில்லை.

அளவு சொல்லத் தெரிய வேண்டும். 'ஆக்டெல்' என்றால் எட்டில் ஒரு பங்கு லிட்டர், 'ஃபியர்டெல்' என்றால் கால் லிட்டர். நீ ஆக்டெல் கேள். வெயில் நாளில் வைனும் சோடாவும் சரிபாதி கலந்த 'கஷ்பிரிட்ஸ்டர்' கேட்கலாம். வைன் உன் மேசைக்கு வரும், சாப்பாட்டுக்கு நீதான் எழுந்து உள்ளே இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் போக வேண்டும். நீ கறி சாப்பிடுவதில்லை என்பதால் கறுத்த ரொட்டியும் லிப்டாவரும் வாங்கு. மிளகாய்த்தூளும் சீரக மணமும் கலந்த அந்தப் பாலாடைக் குழைவு உனக்கு நிச்சயம் பிடிக்கும். குவளையை மோதும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார். அங்கே அதுதான் மரியாதை. ஓர் இரவுக்கு ஒரே வீடு போதும். நாலு வீடு ஏறி இறங்கினால் எந்த வீடும் நினைவில் தங்காது.

நீ போயிருக்கும் நேரமும் நல்ல நேரம். செப்டம்பர் வந்தால் 'ஷ்டுர்ம்' வந்துவிடும். நொதித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றும் கலங்கிய சாறு அது. காற்று வெளியேற வேண்டும் என்பதால் புட்டியை இறுக மூட மாட்டார்கள், படுக்க வைத்தால் சிந்திவிடும். நம் ஊர்ப் பதநீர் கள்ளாக மாறும் அந்த நடு நேரத்தை நினைத்துக்கொள். இனிக்கிறதே என்று அதிகம் குடித்துவிடாதே. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளன்று புது வைன் முறைப்படி 'ஹொய்ரிகர்' ஆகும். இந்த ஆண்டினது என்று பொருள், கடைகளுக்கும் அதே பெயர்தான். முந்தைய ஆண்டு வைன் அன்றோடு பழையதாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985இல் சில ஆஸ்திரிய வைன்களில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்தது தெரிய வந்து, அந்த நாட்டு வைன் ஏற்றுமதியே சரிந்து போனது. கலப்படம் செய்யாதவர்களும் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள். அதே ஆண்டில் கடுமையான புதிய வைன் சட்டம் வந்தது. குழாய் கழுவிய அந்தப் பெரியவர் இதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இதில் என் பெயர் இருக்கிறது" என்பார்.

நுஸ்டோர்ஃபுக்குப் போகும் நாளில் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்கு. புரோபஸ் சந்தில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் வீட்டைப் பார். செவித்திறன் போய்க்கொண்டிருந்த இசையமைப்பாளர் பேத்தோவன் 1802 அக்டோபரில் தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. அதைப் படித்த அன்று மாலைதான் வெகு நாளைக்குப் பிறகு உனக்கு போன் செய்தேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டாய், சொல்லவில்லை.

சனிக்கிழமை 31இல் ஏறு. வால்நட் மரம் இருக்கும் முற்றத்தை நீயே கண்டுபிடித்துவிடுவாய். கொப்பு இல்லையென்றால் நாலு வீடு தள்ளிப் பார். அந்தப் பெரியவர் இருந்தால் அக்கா கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா