சனிக்கிழமைப் பயிற்சி: எந்த செஷன், எந்த பிராசஸ்?

நண்பர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம். சர்வரில் ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சிபியுவை விழுங்கும்போது, அது யாருடைய டேட்டாபேஸ் செஷன் (ஒருவர் டேட்டாபேஸுடன் வைத்திருக்கும் இணைப்பு) என்று பிடிப்பதுதான் பொருள்.

1. ஆரக்கிள் டேட்டாபேஸ்காரர்கள், செஷன்களைக் காட்டும் வி$செஷன் (V$SESSION) பட்டியலின் பிஏடிடிஆர் (PADDR) நெடுவரிசையை, பிராசஸ்களைக் காட்டும் வி$பிராசஸ் (V$PROCESS) பட்டியலின் ஏடிடிஆருடன் (ADDR) இணைத்து, எஸ்பிஐடியை (SPID, சர்வரில் அந்த பிராசஸின் எண்) குறித்து வாருங்கள். வி$செஷனிலேயே உள்ள ‘பிராசஸ்’ நெடுவரிசையை எடுக்காதீர்கள். அது கிளையன்ட் பக்கத்து, அதாவது டேட்டாபேஸை அழைக்கும் நிரலின், பிராசஸ் எண். நான் ஒருமுறை அதை நம்பி, சர்வரில் இல்லாத பிராசஸை அரை மணி நேரம் தேடினேன்.
2. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸ்காரர்களுக்கு வேலை குறைவு. செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (pg_stat_activity) பட்டியலில் பிஐடி (pid, பிராசஸ் எண்) நேராகவே இருக்கிறது.
3. சோதனை சர்வரில் மட்டும் செய்து பாருங்கள். பிராசஸை வலுக்கட்டாயமாக உடனே நிறுத்தும் ‘கில் -9’ (kill -9) கட்டளை வேண்டவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் அப்படி ஒரு செஷனின் பிராசஸைக் கொன்றால் மற்ற இணைப்புகளும் அறுந்துவிடும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பதில் அனுப்புங்கள். எந்த டேட்டாபேஸ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.